கட்டடத்துக்குக் கன்னம் எது?

சிறந்த கட்டடத்துக்கான பரிசு எங்கள் கம்பெனி கேன்டீனுக்குக் கிடைத்தபோது, அந்தப் பரிசைப் பெற்ற கட்டடக் கலைஞரைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசு கொடுத்தவர்கள் ஒரு காபி குடித்துவிட்டுப் போனவர்கள். நான் அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு மழைக்காலமும் ஒரு கோடையும் சாப்பிட்டவன்.

நெருக்கடி நிலை முடிந்ததற்கு அடுத்த வருடம் அது. செய்தி வந்தது ஆனி மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை. நாள் கிழமையோடு சொல்வது என் சுபாவம். ஆனால் தேதியை மட்டும் எழுதாமல் விடுகிறேன். யாராவது பழைய செய்தித்தாளைப் புரட்டினால் அவருடைய பெயர் கிடைத்துவிடும். அவர் கடைசியில் நடந்துகொண்ட விதத்துக்கு அது மரியாதையாக இருக்காது.

கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் வயல்களுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் நடுவே தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்களுடையது இரும்பு வார்ப்படக் கம்பெனி. நான் டைம் ஆபீஸில் குமாஸ்தா. வீடு திருப்பாச்சூரில். வாரம் முழுவதும் கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மாலை பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து ஊருக்குப் போவேன். ஆகவே வேலை நாளெல்லாம் எனக்கு மதியச் சாப்பாடு கேன்டீனில்தான்.

அந்தக் கேன்டீன் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை அல்ல. தூணே கிடையாது. தரையிலிருந்து வளைந்து எழும்பி, மறுபக்கம் தரையிலேயே இறங்கும் ஒரே கான்கிரீட் ஓடு. உள்ளும் புறமும் வெள்ளை. தொழிலாளர்கள் அதைக் ‘கவுத்த மொறம்’ என்றார்கள். சன்னல்கள் முழங்கால் உயரத்தில் இருந்தன. உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு வயலின் பச்சை தெரிய வேண்டும் என்பது கலைஞரின் எண்ணம். பச்சை தெரிந்தது. லாரி கிளப்பிய புழுதியும் அதே உயரத்தில் வந்து சோற்றில் உட்கார்ந்தது. சமைப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் நடுவே சுவர் கூடாது என்பது அவருடைய இன்னொரு எண்ணம். அதனால் விறகு அடுப்பும் அதே கூரைக்குக் கீழே, ஒரு மூலையில். புகை வளைவில் ஏறிப் போய் விளிம்பில் விட்டிருந்த இடைவெளிகள் வழியாக வெளியேறும் என்று படத்தில் அம்புக்குறி போட்டிருந்தார். கடல் பக்கத்துக் காற்று படத்தைப் பார்க்கவில்லை. வெளியே போன புகையை அது உள்ளேயே திருப்பி அனுப்பியது.

எல்லாவற்றையும்விட விசித்திரம் அந்தக் கூரையின் காது. வாசல் ஓரமாகச் சுவரை ஒட்டிக் கிசுகிசுத்தால், எதிர் மூலையில் அடுப்பருகே நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. இப்படிப்பட்ட குவிமாடங்கள் வெளிநாடுகளில் உண்டு என்று திருவள்ளூர் நூலகத்தில் படித்திருக்கிறேன். அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கேட்கிறார்கள். இங்கே கேன்டீன்காரம்மா சும்மாவே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். கணவர் இறால் பிடிக்கப் போவார். இவர் கேன்டீன் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். ஒருநாள் வாசல் ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஃபிட்டர் ஒருவர், பக்கத்தில் இருந்தவர் காதில், “சாம்பாரா இது? லாரி ரேடியேட்டர் தண்ணி” என்றார். அடுத்த நொடி அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“ரேடியேட்டர் தண்ணி ரெண்டாவது தபா வோணும்னா எலய இப்டி காட்டு, நைனா!”

அன்றிலிருந்து ஃபிட்டர் எதையும் கிசுகிசுப்பதில்லை, உரக்கவே திட்டினார். உரக்கச் சொன்னால்தான் எதிரொலி கலந்து அடுப்படிக்குக் குழப்பமாகக் கேட்கும்.

பரிசுச் செய்தி புகைப்படத்தோடு வந்திருந்தது. நான்தான் செய்தித்தாளைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் காட்டினேன்.

“பேப்பர்லயா போட்டுகீறாங்க? எத்தினி பேரு பாத்துருப்பாங்க சாரு?”

“லட்சக்கணக்கில் பார்த்திருப்பார்கள்” என்றேன், நானே கட்டிய மாதிரி. அப்படிச் சொன்னது பெரிய தப்பு. அவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“லச்சம் பேரு கண்ணு பட்டுகீதா?”

அதற்குள் ஃபிட்டர் வந்து படத்தைப் பார்த்தார். பெரியபாளையத்து அம்மனுக்கு ஆடி தோறும் வேப்பஞ்சேலை கட்டிப் போகிற குடும்பம் அவருடையது. இந்த விஷயங்களில் அவர் வார்த்தைக்குக் கம்பெனியில் மதிப்பு உண்டு.

“பொம்மை எங்க?” என்றார்.

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த நாளில், வைக்கோல் அடைத்த சட்டை பேன்ட்டும் மீசை வரைந்த பூசணித் தலையுமாக ஒரு திருஷ்டி பொம்மை முகப்பில் தொங்கியது. படம் பிடிப்பதற்காகக் கலைஞர் அதைக் கழற்றச் சொல்லியிருந்தார். பிறகு யாரும் மாட்டவில்லை.

“பச்ச புள்ளைக்கு பொட்டு வெக்காம போட்டோ புடிச்சி ஊருக்கே காட்டிகீறாரு. தாங்குமா இது?” என்றார் ஃபிட்டர்.

தாங்கவில்லை. திங்களன்று சோற்றுக் குண்டானின் அடி விட்டுப்போனது. புதனன்று ஃபோர்மேன் தொண்டையில் கெளுத்தி முள் சிக்கி, அவரைக் குப்புறப் போட்டு முதுகில் குத்தினார்கள். வெள்ளியன்று ஓர் ஆடு முழங்கால் உயரச் சன்னல் வழியாக நுழைந்து வாழையிலைக் கட்டு முழுவதையும் தின்றது. அந்த ஆடு பரிசுக்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது என்று நான் எடுத்துச் சொன்னேன்.

“வந்துச்சு. எலய தொட்டுச்சா?” என்று கேட்டார் ஃபிட்டர்.

அடுத்த வாரம் தொழிலாளர்கள் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துப் புங்கமரத்தடியில் சாப்பிட ஆரம்பித்தார்கள். கேன்டீனில் மிஞ்சியது நானும் ஃபோர்மேனும்தான். ஃபோர்மேன் மீன் வேண்டாம் என்று தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டார். குண்டான் குண்டானாகச் சோறு திரும்பியது.

மேனேஜருக்குக் கவலை வேறு. ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பரிசுக் கமிட்டி வந்து, சுவரில் சலவைக்கல் பதிக்கப்போகிறது. கட்டடம் நிறையத் தொழிலாளர்கள் சந்தோஷமாகச் சாப்பிடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். அந்த அம்மாவை அறைக்குக் கூப்பிட்டு, அன்றைக்கும் கேன்டீன் காலியாக இருந்தால் காண்ட்ராக்ட் ஊருக்குள் இருக்கும் ஓட்டல்காரருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

“இந்த அடுப்ப நம்பித்தான் சாரு படகையும் வலையையும் வித்துட்டு வந்தோம். அவுரு வாடகை படகுல போறாரு. இத்த உட்டா எங்க போவேன்?” என்றார் அந்த அம்மா என்னிடம்.

புங்கமரத்தடியின் நிபந்தனை எளிமையானது. குழந்தைக்கு வைப்பதுபோலக் கட்டடத்துக்கும் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துவிட்டால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். மேனேஜர் மறுத்தார். பரிசு வாங்கிய கட்டடத்தில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது அவர் கட்சி. அடுப்புக்கு மேலே புகை போக ஓர் ஓட்டை போட்டுத் தரும்படி அந்த அம்மா முன்பு கேட்டபோதும், “வளைவு கெட்டுவிடும் என்று ஆர்க்கிடெக்ட் சொல்கிறார்” என்று சொன்னவர்தான்.

ஆனால் அனுமதி கிடைக்காததைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கட்டடத்துக்குக் கன்னம் எது?

“வாசல்தான் வாயி. இதுல இன்னா சந்தேகம்?” என்றார் ஒருவர்.

“அப்ப ஜன்னலு?”

“கண்ணு.”

“மொழங்கால் ஒசரத்துல எவனுக்குடா கண்ணு கீது?”

“அப்ப மூக்கு.”

“எட்டு மூக்கா?”

கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டு வந்தார்கள். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். பீடியை அணைத்துவிட்டுச் சுற்றி வந்து பார்த்தார். “கவுத்த மொறத்துக்கு ஏது நைனா மூஞ்சி? அல்லாம் முதுகுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் படித்தவன் என்று என்னிடம் வந்தார்கள். பார்வை ரோட்டிலிருந்துதான் விழுகிறது, ஆகவே ரோட்டுப் பக்கமே முகம் என்று தீர்ப்புச் சொன்னேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இடது கன்னமா, வலது கன்னமா என்று ஒருவர் கேட்டார். இடது என்றால் பார்ப்பவருக்கு இடதா, கட்டடத்துக்கு இடதா என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு மதிய இடைவேளைகள் இதிலேயே போயின. நானும் ஒரு காகிதத்தில் கட்டடத்தை வரைந்து, அதற்குக் காது போட்டுப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒருநாள் காலையில் பார்த்தால், ரோட்டுப் பக்கம், வாசலுக்கு இடது கைப்பக்கத்தில், வார்ப்பட அச்சுக்குப் பூசும் கரிக்குழம்பால் தட்டு அகலத்துக்கு ஒரு பொட்டு. மதியத்துக்குள் மேனேஜர் அதன்மேல் வெள்ளையடித்தார். மறுநாள் காலையில் மறுபடி பொட்டு. மதியம் மறுபடி வெள்ளை. ஒரு வாரம் இப்படியே நடந்ததில், மற்ற இடமெல்லாம் மழையில் மங்கிப்போயிருக்க, அந்த ஓர் இடம் மட்டும் பளீரென்று மின்னியது.

“பொட்டு வெக்க சொன்னா பவுடர் போட்டுகீறானுங்க. இன்னும் அழகா பூடுச்சு. இனிமே பேஜாருதான்” என்றார் ஃபிட்டர்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அந்த அம்மா விடிவதற்கு முன்பே வந்து எல்லோருக்கும் சமைத்து வைத்திருந்தார். வஞ்சிரம் குழம்பு, வடை, பாயசம். தொழிலாளர்கள் புங்கமரத்தடியில் தூக்கோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். கேன்டீனுக்குள் மேசைகள் காலி. நான் அடுப்பருகே நின்றேன். கூட நில்லுங்கள் என்று அந்த அம்மா கேட்டிருந்தார்.

கமிட்டிக்காரர்கள் காரிலிருந்து இறங்கினார்கள். பின்னாலேயே கலைஞர். அவரை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். கர்வமான ஆளாக இருப்பார் என்று கற்பனை செய்திருந்தேன். ஒல்லியான மனிதர், வலது கையில் மாவுக்கட்டு, துணித் தொட்டிலில் கையைத் தொங்கவிட்டிருந்தார். கமிட்டியின் பெரியவர் கூரையை அண்ணாந்து பார்த்து ஏதோ புகழ்ந்துகொண்டிருக்க, கலைஞர் மேனேஜரை வாசல் ஓரத்துச் சுவர்ப் பக்கம் ஒதுக்கி ரகசியமாகப் பேசினார். தன் கூரைக்குக் காது உண்டு என்பது அவருக்கே தெரியாது.

“பரிசு அறிவிச்சதிலிருந்து ஒண்ணுமே சரியில்லை சார். ரெண்டு பார்ட்டி பிளானைத் திருப்பிட்டாங்க. என் வீட்டு மாடிப்படியிலேயே நான் வழுக்கி விழுந்தேன். எங்கம்மா திருஷ்டிங்கிறாங்க. நான் இதெல்லாம் நம்புறவன் இல்லை. ஆனா தூக்கம் வரமாட்டேங்குது.”

எங்களுக்கு அது பக்கத்தில் நின்று சொன்னதுபோலக் கேட்டது. அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“அய்ய! கட்டடத்துக்கு இல்ல சாரு. அந்தாளுக்கு பட்டுகீது!”

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. கை நிறைய கல் உப்பு, கடுகு, காய்ந்த மிளகாய். மிளகாய் ஆந்திரத்துச் சரக்கு. குழம்புக்கே கிள்ளித்தான் போடுவார். வாசலில் கொஞ்சம் காலடி மண்ணையும் எடுத்துக்கொண்டு நேராகக் கலைஞர் முன்னால் போய் நின்றார்.

“சாமி, கெயக்க பாத்து நில்லு.”

“என்னம்மா?”

“கை இன்னா ஆச்சு?”

“வழுக்கி...”

“அதான். நில்லு.”

மேனேஜர் பதறினார். “என்னம்மா இது, கமிட்டி நிக்கிறாங்க!”

“நிக்கட்டும். அவங்க கண்ணுதான மொதல்ல பட்டுது?”

கலைஞர் கிழக்கு எது என்று தேடினார். நான் கை காட்டினேன். சொன்னபடி நின்றார். அந்த அம்மா தலையிலிருந்து கால்வரை சுற்றினார். “ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, பேப்பர் பாத்த கண்ணு, பரிசு குடுத்த கண்ணு, கார்ல வந்த கண்ணு...” மூன்று முறை துப்பச் சொன்னார். ஒரு பரிசு பெற்ற கட்டடக் கலைஞர், அந்தப் பரிசைக் கொடுத்தவர்களின் எதிரிலேயே, மூன்று முறை துப்பினார்.

இதற்குள் புங்கமரத்தடி முழுவதும் உள்ளே வந்துவிட்டது. வாசலில் நெரிசல், மேசைமேல் ஏறி நின்றார்கள். அந்த அம்மா கையில் இருந்ததையெல்லாம் அடுப்பில் கொட்டினார்.

விதி எல்லோரும் அறிந்ததுதான். திருஷ்டி இருந்தால் மிளகாய் கருகினாலும் கமறல் வராது. கமறினால் திருஷ்டியே இல்லை.

புகை எழுந்தது. கலைஞர் படத்தில் வரைந்திருந்த அம்புக்குறிப்படியே கூரை வளைவில் ஏறியது. விளிம்புக்குப் போனது. கடற்காற்று அதைச் சந்தித்தது. போன வழியே திரும்பி வந்து எங்கள் எல்லோர் தலைமேலும் இறங்கியது.

அப்படி ஒரு நெடியை நான் அதற்கு முன்பும் பின்பும் அனுபவித்ததில்லை. தொண்டைக்குள் யாரோ அரம் வைத்து ராவுவதுபோல் இருந்தது. ஃபோர்மேன் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். ஆனால் யாரும் இருமவில்லை. இருமினால், இத்தனை நாள் புழுதியில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைத் தின்றது வெறும் பைத்தியக்காரத்தனம் என்று ஆகிவிடும்.

“கமறுதா?” என்று கேட்டார் அந்த அம்மா. அவர் கண்ணிலிருந்தே தண்ணீர் கொட்டியது.

“வாசனையே இல்லக்கா” என்றார் ஃபிட்டர். மூக்கிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

“எனக்கும் தெரியலை” என்றார் மேனேஜர், கீச்சுக் குரலில்.

கமிட்டிப் பெரியவரின் முகம் பீட்ரூட் நிறமாகிவிட்டது. எல்லோரும் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து, விக்கலுக்கு நடுவே, “சுத்தமா... இல்லை” என்றார்.

கலைஞர் மட்டும் பாக்கி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். கண்ணீர் மாவுக்கட்டில் சொட்டியது. “இல்லை” என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். தன் கூரையின் உட்புறத்தை, அடைமழை மேகம்போல அங்கே தேங்கி நின்ற புகையை, நெடுநேரம் பார்த்தார். அந்தக் கூரைக்குக் கீழே அவர் அவ்வளவு நேரம் நின்றது அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

“ஏணி இருக்கா?” என்றார்.

சலவைக்கல் பதிக்க வந்திருந்த மேஸ்திரி ஏணியும் உளியும் சுத்தியலுமாக வந்தார். கலைஞர் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை இடது கையால் எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்து, அடுப்புக்கு நேர் மேலே ஒரு வட்டம் போடச் சொன்னார். “இன்னும் கொஞ்சம் பெரிசா” என்றார்.

“சார், பரிசு வாங்கின கட்டடம்...” என்று மேனேஜர் இழுத்தார்.

“பரிசு எனக்குத்தானே? ஓட்டையும் என்னுதாவே இருக்கட்டும்.”

முதல் அடியில் காரை உதிர்ந்து ரசத்தில் விழுந்தது. கமிட்டிக்காரர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். அவர்கள் இருமியதற்குக் காரணம் காரைத் தூசி என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டோம். சலவைக்கல்லை அந்தப் பவுடர் போட்ட இடத்தில் அவசரமாகப் பதித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். ஓட்டை விழுந்ததும் புகை வாலைச் சுருட்டிக்கொண்டு மேலே போனது. தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். வஞ்சிரம் குழம்பு ஒரு சொட்டு மிஞ்சவில்லை. காண்ட்ராக்ட் கைக்கு வருமா என்று பார்க்க வந்த ஓட்டல்காரர் வாசலில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு வடை வாங்கித் தின்றுவிட்டுப் போய்விட்டார்.

சில நாளில் ஓட்டையைச் சுற்றிக் கரி படிந்தது. வெள்ளைக் கூரையில் கறுப்பாக ஒரு வட்டம். கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“சாரு, மூஞ்சி மேல பாத்துக்கினு இருந்துகீது. நாம சுத்தி சுத்தி வந்து காலாண்ட தேடிக்கினு இருந்தோம்!”

இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மழைக்கு ஓட்டையின்மேல் மாட்டச் சொல்லிக் கலைஞர் ஒரு தகரத் தொப்பி அனுப்பினார். தொழிலாளர்கள் மாட்ட விடவில்லை. பொட்டு மறைந்துவிடுமாம். ஐப்பசி மழை நேராக அடுப்பில் இறங்கியது. ஆகவே முதலில் சாப்பிட்டு முடித்தவர் அந்த அம்மாவின் தலைக்கும் அடுப்புக்கும் சேர்த்துக் குடை பிடிப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். கான்கிரீட் கூரையின் கீழே குடை பிடித்துக்கொண்டு சமைக்கும் கேன்டீன் இந்தியாவிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

கார்த்திகையில் ஒருநாள், நல்ல மழையில், கலைஞர் யாரிடமும் சொல்லாமல் வந்தார். மாவுக்கட்டு இல்லை. வாசலில் நின்று குடையைப் பார்த்தார். தகரத் தொப்பி ஒரு மூலையில் வெங்காயக் கூடையாகிக் கிடந்ததையும் பார்த்தார். உள்ளே வந்து, ஃபோர்மேன் கையிலிருந்து குடையை வாங்கி, ரசம் நுரை கட்டும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சன்னல் வழியே வந்த சாரல் அவர் இலையிலும் விழுந்தது. இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அன்றுதான் எனக்கு அவரைப் பற்றிய அபிப்பிராயம் மாறியது. கூரையைப் பற்றிய அபிப்பிராயம் இன்னமும் மாறவில்லை.

அவர் போன பிறகு நான் அடுப்படிக்குப் போய் அந்த அம்மாவிடம் கேட்டேன். “அந்தப் பரிசு அவருக்குத் தகும் என்றா நினைக்கிறீர்கள்?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“நல்ல மனுசன் சாரு. குடுக்கட்டும். ஆனா ஒண்ணு. அன்னிக்கு மொளகா கமறுச்சே, உயிரே பூடற மாதிரி. அந்தாளுக்கு திருஷ்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஓட்டை விழுந்தும் கூரையின் காது மந்தமாகவில்லை. எதிர் மூலையில், வாசல் ஓரத்து மேசையில், ஃபிட்டரின் கை சோற்றுக் கவளத்தோடு வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது. எங்களையே பார்த்தார். பிறகு மேலே, ஓட்டையைப் பார்த்தார்.

கவளம் வாய்க்குள் போனது.

“யக்கா,” என்றார் உரக்க, “கொஞ்சம் கொழம்பு ஊத்து.”